மூன்று நெல் ஆய்வுகள், மூன்று தீர்ப்புகள்: வட ஆர்க்காட்டை முன்வைத்து வேளாண் வளர்ச்சித் திட்ட மதிப்பீடு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வேளாண் வளர்ச்சித் திட்டம் ஒன்று வெற்றி பெற்றதா, தோல்வியுற்றதா என்பதை மதிப்பீட்டு அறிக்கையின் முடிவுப் பகுதியே உரைக்கிறது. ஆயினும் அம்முடிவு பெரும்பாலும் தரவு திரட்டுவதற்கு முன்பே எடுக்கப்பட்ட சில தெரிவுகளால் உருவாகிறது. எந்த ஆண்டை அடிப்படையாகக் கொள்வது, யாருடைய கணக்கை நம்புவது, எதனைச் செலவாகக் கருதுவது என்பனவே அத்தெரிவுகள். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் 1970களிலும் 1980களிலும் 1990களிலும் மேற்கொள்ளப்பட்ட மூன்று நெல் வேளாண்மை ஆய்வுகளை இந்நோக்கில் ஒப்பிட்டு, அவற்றின் வலிமையையும் குறையையும் இக்கட்டுரை திறனாய்கிறது. கென்யாவின் வேளாண் விரிவாக்கத் திட்ட மதிப்பீடும் தமிழ்நாட்டின் திருந்திய நெல் சாகுபடியும் துணைச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: கண்காணிப்பு, மதிப்பீடு, அடிப்படை ஆண்டு, மறுகணக்கெடுப்பு, உயர் விளைச்சல் இரகம், நிலத்தடி நீர், வட ஆர்க்காடு.

1. முன்னுரை

ஓர் ஊரை ஒருமுறை ஆராய்ந்துவிட்டுப் பல ஆண்டுகள் கழித்து அதே ஊருக்கு மீண்டும் சென்று ஆராயும் மரபு தமிழ்நாட்டுப் பொருளியல் ஆய்வில் நூறாண்டுப் பழமையுடையது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல் இம்மரபின் தொடக்கம் எனலாம். அக்கிராமங்களை பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் 1930களில் மறுகணக்கெடுப்புச் செய்தனர். பின்வந்த ஆய்வாளர்களும் அதே ஊர்களுக்குச் சென்றனர். ஓர் ஊரின் வரலாற்றைப் பலர், பல காலங்களில், பல கேள்விகளோடு எழுதிவைத்திருப்பது ஆய்வுலகுக்குக் கிடைத்த பெரும்பேறு.

இம்மரபின் தொடர்ச்சியாக, பசுமைப் புரட்சி எனப்பட்ட உயர் விளைச்சல் இரகத் திட்டத்தின் விளைவுகளை அறியும் நோக்கில் வட ஆர்க்காடு மாவட்டம் மும்முறை ஆராயப்பட்டது. மூன்று ஆய்வுகளும் நேர்மையானவை. தேர்ந்த அறிஞர்களால் களத்தில் தங்கிச் செய்யப்பட்டவை. இருந்தும் அவை மூன்று வெவ்வேறு தீர்ப்புகளைத் தருகின்றன. முதலாவது ‘பரவவில்லை’ என்றது. இரண்டாவது ‘பரவியது, ஏழைக்கும் பயன் தந்தது’ என்றது. மூன்றாவது ‘அதன் அடித்தளமாகிய நீர் குறைந்துவருகிறது’ என்றது. இம்மூன்றில் எது சரி என்று கேட்பது எளிது. அவை ஏன் வேறுபட்டன என்று கேட்பதே பயனுடையது. ஏனெனில், இன்று ஒரே ஓர் ஆய்வை மட்டும் நம்பி ஒரு திட்டம் நீட்டிக்கப்படுகிறது அல்லது கைவிடப்படுகிறது. வட ஆர்க்காட்டில் அந்த ஒரே ஆய்வு இம்மூன்றில் எதுவாக இருந்திருந்தாலும் முழு உண்மை கிடைத்திராது.

2. கண்காணிப்பும் மதிப்பீடும்

இவ்விரு சொற்களும் தமிழில் பெரும்பாலும் இணைத்தே வழங்கப்படுகின்றன. ஆனால், இவை இருவேறு பணிகள். கண்காணிப்பு என்பது திட்டம் நடைபெறும்போதே விதை சேர்ந்ததா, பயிற்சி நடந்ததா, வாய்க்கால் தூர்வாரப்பட்டதா எனத் தொடர்ந்து பார்ப்பது. மதிப்பீடு என்பது இவற்றால் உழவர் வாழ்வில் ஏற்பட்ட மாற்றம் என்ன, அம்மாற்றத்துள் திட்டத்தால் விளைந்தது எவ்வளவு என்று பின்னர் நிறுவுவது. முதலாவது செய்ததைக் கணக்கிடுகிறது. இரண்டாவது விளைந்ததைக் கணக்கிடுகிறது.

இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்போது செய்ததே விளைந்ததாகத் தோற்றமளிக்கத் தொடங்கும். ஆயிரம் ஏக்கருக்கு விதை வழங்கப்பட்டது என்னும் குறிப்பு, ஆயிரம் ஏக்கரில் அவ்விரகம் பயிராயிற்று என்னும் குறிப்பாக மாறும். அதுவே பிறகு ஆயிரம் ஏக்கரில் விளைச்சல் உயர்ந்தது என்னும் குறிப்பாகவும் மாறும். ஒவ்வொரு படியிலும் ஒரு மெய்ப்பிப்பு தேவைப்படுகிறது. அம்மெய்ப்பிப்பு விடுபடும் இடத்தைக் கண்டறிவதே மதிப்பீட்டைத் திறனாய்பவரின் முதற்பணி.

3. முதல் ஆய்வு (1973-74): ஏடும் வயலும்

கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் இணைந்து வட ஆர்க்காட்டிலும் இலங்கையின் தென்பகுதியிலும் நெல் விளையும் ஊர்களை 1973-74இல் ஆராய்ந்தனர். முடிவுகள் பி.எச். ஃபார்மரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1977இல் நூலாயின. ‘பசுமைப் புரட்சி’ என்னும் சொல்லை அடுத்து ஒரு வினாக்குறியை இட்டே அந்நூல் தன் தலைப்பை அமைத்துக்கொண்டது. அவ்வினாக்குறியே அதன் தீர்ப்பு.

இவ்வாய்வு தந்த மிக முக்கியமான எண்கள் இரண்டு. மாவட்டத்து நெல் பரப்பில் உயர் விளைச்சல் இரகங்களின் பங்கு அரசுக் கணக்கின்படி ஏறத்தாழ 39 விழுக்காடு; மாதிரி ஊர்களில் வயல்தோறும் கேட்டறிந்தபோது ஏறத்தாழ 13 விழுக்காடு. ஆய்வுக் குழுவில் ஒருவராக இருந்த ராபர்ட் சேம்பர்ஸ் இவ்வேறுபாட்டைப் பின்னாளில் தம் எழுத்துகளில் எடுத்துக்காட்டி, அதிகாரப் படிநிலையில் கீழிருந்து மேலே செல்லும் தகவல் எவ்வாறு திரிகிறது என்பதற்குச் சான்றாக்கினார்.

இத்திரிபைத் தனியொருவரின் பொய் என்று கொள்வது பொருந்தாது. கீழ்நிலை விரிவாக்க அலுவலருக்கு இலக்கு மேலிருந்து வருகிறது. இலக்கை எட்டினாரா என்று தெரிவிக்கும் பொறுப்பும் அவருக்கே தரப்படுகிறது. அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒருவராகவே இருக்கும் இவ்வமைப்பில், வழங்கிய விதையின் அளவைக் கொண்டு பயிரான பரப்பைக் கணித்தெழுதுவது எளிய வழி. பெற்ற விதையை உழவர் விதைத்தாரா, விற்றாரா, பழைய இரகத்தோடு கலந்தாரா என்பது அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி இங்கு அப்படியே பொருந்துகிறது. ஆயினும், அவ்வேட்டுச் சுரைக்காயே மாநிலத் தலைநகர் வரை சென்று கொள்கையாயிற்று என்பது கவலைக்குரியது.

அரசுக் கணக்கைத் தன் கணக்காக ஏற்காமல் வயலுக்குச் சென்றதே முதல் ஆய்வின் வலிமை. அதன் குறை காலத்தைப் பற்றியது. உயர் விளைச்சல் இரகத் திட்டம் 1966இல் தொடங்கியது. ஏழெட்டு ஆண்டுகளுக்குள் எடுத்த ஒரு நிழற்படத்தைக் கொண்டு அத்தொழில்நுட்பத்தின் எதிர்காலத்தையும் சொல்லிவிடும் போக்கு, ஆய்வில் அன்றேனும், அதனை மேற்கோள் காட்டியோரிடம் பரவலாகக் காணப்பட்டது. ‘சிறு உழவரைப் பசுமைப் புரட்சி எட்டவில்லை’ என்னும் கூற்று ஓர் ஆண்டின் நிலையைக் குறிப்பது. அதனை நிலையான இயல்பாக வாசித்தது பிழை. நீர்ப்பிடிப்பு, பூச்சித் தாங்குதிறன், சுவை, வைக்கோலின் தரம் எனப் பலவற்றை எடைபோட்டே உழவர் ஓர் இரகத்தை ஏற்கிறார். ஏற்கத் தயங்கும் காலத்தை மறுப்பாகக் கொள்ளலாகாது.

4. இரண்டாம் ஆய்வு (1982-84): ஈர ஆண்டும் வறள் ஆண்டும்

பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இணைந்து அதே ஊர்களை 1982 முதல் 1984 வரை மீண்டும் ஆராய்ந்தன. பீட்டர் ஹேசலும் சி. இராமசாமியும் எழுதி 1991இல் வெளியான நூல் இவ்வாய்வின் விளைவு. மாதிரி ஊர்களின் நெல் நிலத்தில் மிகப் பெரும்பகுதி இப்போது உயர் விளைச்சல் இரகங்களுக்கு மாறியிருந்தது. சிறு உழவர், நிலமற்ற தொழிலாளர் ஆகியோரின் உண்மை வருமானம் பத்தாண்டில் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. வேளாண்மையில் கூடுதலாக ஈட்டப்படும் ஒவ்வொரு ரூபாயும் வேளாண்மை சாராத தொழில்களில் மேலும் 0.87 ரூபாயைத் தோற்றுவிக்கிறது என்னும் கணிப்பும் இவ்வாய்விலிருந்து பெறப்பட்டது. ஊரகத் தொழில், வணிகம் ஆகியவற்றின் வளர்ச்சிக்கு வயலே ஊற்று என்னும் கருத்துக்கு இவ்வெண் வலுச் சேர்த்தது.

முறையியல் நோக்கில் இவ்வாய்வின் சிறப்புகள் இரண்டு. முதலாவது, வசதியான புதிய ஊர்களைத் தேடாமல் ஐயம் எழுந்த அதே ஊர்களுக்குத் திரும்பியமை. இரண்டாவது, ஓராண்டுடன் நில்லாமல் ஈராண்டு கணக்கெடுத்தமை. 1982-83 கடும் வறட்சி ஆண்டு. 1983-84 நல்ல மழை பெய்த ஆண்டு. முதலாண்டை மட்டும் அளந்திருந்தால் திட்டம் உழவரைக் கைவிட்டது என்றும், இரண்டாமாண்டை மட்டும் அளந்திருந்தால் திட்டம் அவரை உயர்த்தியது என்றும் எழுதியிருக்க முடியும். ஏரியும் கிணறும் நம்பி வாழும் மாவட்டத்தில் மழையே முதல் மாறி. அடிப்படை ஆண்டின் மழையும் இறுதி ஆண்டின் மழையும் எப்படி இருந்தன என்று சொல்லாத எந்த விளைச்சல் ஒப்பீடும் பாதி ஒப்பீடே.

இனி, குறைகள். முதலாவது, ‘முன்–பின்’ ஒப்பீட்டின் வரம்பு. ஓர் ஊரின் பழைய நிலையையும் புதிய நிலையையும் ஒப்பிடும்போது இடையில் நிகழ்ந்த அனைத்தும் திட்டத்தின் கணக்கில் சேர்ந்துவிடும் இடருண்டு. அப்பத்தாண்டில் கிணறுகளுக்கு மின்சாரம் விரிவடைந்தது. ஆரணிப் பகுதியில் பட்டு நெசவு வேலை தந்தது. 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. இவற்றுள் சில வேளாண் வளர்ச்சியின் விளைவாக இருக்கலாம். வேறு சில அதனோடு தொடர்பற்ற அரசு முடிவுகள். ஏழைக் குடும்பத்தின் உணவு நுகர்வு உயர்ந்ததில் விதையின் பங்கு எவ்வளவு, சத்துணவுக்கூடத்தின் பங்கு எவ்வளவு என்பதை முன்–பின் ஒப்பீடு மட்டும் பிரித்துக் காட்டாது.

இரண்டாவது குறை, சராசரியைப் பற்றியது. இஃது இவ்வகை ஆய்வுகள் அனைத்துக்கும் பொதுவானது. ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். ஓர் ஊரில் மூன்று சிறு உழவர் முறையே 900, 700, 500 ரூபாயும், மூன்று கூலித் தொழிலாளர் முறையே 400, 300, 200 ரூபாயும் ஈட்டுவதாகக் கொள்வோம். உழவர் சராசரி 700. தொழிலாளர் சராசரி 300. பத்தாண்டில் 500 ரூபாய் ஈட்டிய உழவர் நிலத்தை விற்று, அதே 500 ரூபாய்க்குக் கூலி வேலைக்குச் செல்கிறார். இப்போது உழவர் சராசரி 800. தொழிலாளர் சராசரி 350. இரு பிரிவினரின் வருமானமும் உயர்ந்ததாக அட்டவணை காட்டும். ஆனால், ஒருவர் வருமானம்கூட உயரவில்லை; ஒருவர் நிலத்தை இழந்துள்ளார். வட ஆர்க்காட்டில் இவ்வாறே நிகழ்ந்தது என்பது இதன் பொருளன்று. பிரிவுச் சராசரிகளோடு, பிரிவுகளுக்கிடையே குடும்பங்கள் நகர்ந்த கணக்கையும் ஊரைவிட்டே சென்றவர் கணக்கையும் கேட்கவேண்டும் என்பதே வற்புறுத்தத் தக்கது. மறுகணக்கெடுப்பு ஊரில் இருப்பவரையே காண்கிறது. பிழைப்புத் தேடிச் சென்றவர் அதன் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது குறை, செலவுக் கணக்கைப் பற்றியது. வருமானப் பெருக்கத்தையும் அதன் பரவலையும் கணிக்கப் பயன்பட்ட சமூகக் கணக்கு அணி என்னும் கருவியில் மின்மோட்டாருக்கும் உரத்துக்கும் இடமுண்டு. கிணற்றில் குறையும் நீர்மட்டத்துக்கு இடமில்லை. ஆண்டு வருமானம் அவ்வாண்டின் உழைப்பாலும் இடுபொருளாலும் வந்ததா, பல ஆண்டுகள் சேர்ந்த நீர் இருப்பை எடுத்துச் செலவழித்ததால் வந்ததா என்னும் வேறுபாடு அக்கணக்கில் மறைந்துபோகிறது. களஞ்சியத்து நெல்லை விற்றவரும் அவ்வாண்டு விளைந்த நெல்லை விற்றவரும் சந்தையில் ஒரே விலை பெறுவர். ஆனால், இருவரின் அடுத்த ஆண்டு ஒன்றாக இராது.

5. மூன்றாம் ஆய்வு (1993-95): கிணற்றின் அடி

பார்பரா ஹாரிஸ்-வைட்டும் எஸ். ஜனகராஜனும் 1990களின் முற்பகுதியில் ஆரணியைச் சுற்றியுள்ள மூன்று ஊர்களை ஆராய்ந்தனர். 1997இல் வெளியான அவர்களது கட்டுரை, பசுமைப் புரட்சியிலிருந்து ஊரகத் தொழிற்புரட்சிக்கு நகரும் தென்னிந்தியாவைப் பற்றிப் பேசியது. விரிவான நூல் 2004இல் வந்தது. மூன்றாம் ஆய்வின் நடுவில் நிற்பது கிணறு.

கவலை இறைத்த காலத்தில், மாட்டின் வலிமையே நீர் எடுப்புக்கு எல்லை வகுத்தது. மின்மோட்டார் அவ்வெல்லையை அகற்றியது. தமிழ்நாட்டில் சிறு உழவர்க்கு 1984இலும் உழவர் அனைவர்க்கும் 1990இலும் பாசன மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஒருவர் கிணற்றை ஆழப்படுத்தினால் அண்டைக் கிணறு வற்றும், அவரும் ஆழப்படுத்துவார், ஆழ்துளை இடுவார். முதலீட்டுக்கு வழியற்றவர் இப்போட்டியிலிருந்து விலகி நீரை விலைக்கு வாங்குபவராகிறார் அல்லது நிலத்தைத் தரிசாக விடுகிறார். பங்குக் கிணறுகளில் முறை வைத்து நீரெடுக்கும் ஏற்பாடும் இதனால் சிதைகிறது. இரண்டாம் ஆய்வு கண்ட செழிப்பின் விலை மூன்றாம் ஆய்வில்தான் தெரியவருகிறது.

கட்டணமில்லா மின்சாரத்துக்குக் கண்காணிப்பு நோக்கிலும் ஒரு விளைவு உண்டு. கட்டணம் இல்லாதபோது மின்னளவி பொருத்தும் தேவையும் மங்கியது. அளவி இல்லாத இணைப்பு எவ்வளவு மின்சாரத்தை, அதன்வழி எவ்வளவு நீரை எடுத்தது என்பதை மதிப்பிட முடியுமேயன்றி அளக்க முடியாது. சலுகை தேவையா என்பது வேறு வினா; சலுகையோடு அளவீட்டையும் கைவிட்டதால், மாநில வேளாண்மையின் மிகப் பெரிய செலவினங்களுள் ஒன்று கண்காணிப்புக்கு வெளியே சென்றுவிட்டது என்பதே இங்குக் குறிக்கத் தக்கது.

மூன்றாம் ஆய்வுக்கும் வரம்புண்டு. மூன்று ஊர்களின் ஆழமான சித்திரம் மாவட்டத்தின் சித்திரமாகாது. நெசவு வளர்ந்த ஆரணி வட்டாரத்தில் கண்டது நெசவில்லாத வட்டாரங்களுக்குப் பொருந்தும் என்று கொள்ள இயலாது. முதலிரு ஆய்வுகளும் பரப்பில் நின்றன. இவ்வாய்வு ஆழத்தில் நின்றது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறதேயன்றி நீக்கவில்லை.

மற்றொரு தடையும் நினைக்கத் தக்கது. வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019இல் மீண்டும் மூன்றாகப் பிரிந்தது. நான்காம் முறையாக ஆய்வு செய்ய விழைவோர் மாவட்டப் புள்ளிவிவரங்களை நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால், வருவாய்க் கிராமம் பெரும்பாலும் மாறாமல் நிற்கிறது. அதன் அடங்கல் ஏடு பசலி ஆண்டுதோறும் பயிரையும் பரப்பையும் பாசன மூலத்தையும் பதிகிறது. முதல் ஆய்வின் 1973-74 என்பது பசலி 1383. அப்பசலியின் அடங்கலும் அவ்வாய்வின் வயற்கணக்கும் ஒப்பிடப்பட்டால், அரசு ஏட்டின் எந்தக் கலம் நம்பத் தக்கது, எது தகாதது என்பதும் தெளிவாகும்.

6. ஒப்பீட்டுச் சான்று: கென்யா

மூன்று ஆய்வுகளும் மூன்று வெவ்வேறு காலங்களைச் சார்ந்தவை. எனவே, வேறுபாடு காலத்தால் வந்ததேயன்றி முறையால் வந்ததன்று என ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்துக்கு விடையாகக் கென்யாவை நோக்கலாம். அங்கு ஒரே திட்டமும் ஒரே தரவும் இரு வேறு தீர்ப்புகளைத் தந்தன.

பயிற்சி–பார்வையிடல் முறை எனப்படும் வேளாண் விரிவாக்க முறையை உலக வங்கி 50க்கும் மேற்பட்ட நாடுகளில் பரப்பியது. 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கும் வங்கியின் உதவியோடு இம்முறை வந்தது. விரிவாக்க அலுவலர் குறித்த நாளில் பயிற்சி பெற்று, குறித்த நாளில் தொடர்பு உழவரைக் காண்பது இதன் உயிர்நாடி. கென்யாவில் இம்முறையை மதிப்பிட்டு 1993இல் வெளிவந்த பிந்த்லிஷ்–எவன்சன் ஆய்வு, முதலீட்டின் மீதான ஆதாய விகிதம் 278 விழுக்காடு வரை இருக்கலாம் எனக் கணித்தது. இத்தகைய எண் எந்த நிதியமைச்சரையும் கவரும்.

பின்னர் உலக வங்கியின் சொந்த மதிப்பீட்டுத் துறைக்காக மது கௌதம் அத்தரவுகளை மறுபரிசீலனை செய்து, அதே குடும்பங்களில் புதிய கணக்கெடுப்பும் நடத்தினார். 2000இல் வெளிவந்த அவரது அறிக்கை, தரவுப் பிழைகளைத் திருத்தி, மாவட்டங்களுக்கிடையிலான இயற்கை வேறுபாட்டையும் கணக்கில் கொண்டால் அவ்வுயர்ந்த ஆதாயம் நிலைநிற்கவில்லை என்று காட்டியது. வளமான மாவட்டத்தில் விரிவாக்க அலுவலரும் மிகுதி, விளைச்சலும் மிகுதி. இரண்டுக்கும் நிலவளமே காரணமாயிருக்க, அலுவலரால்தான் விளைச்சல் உயர்ந்தது என்று முதற்கணிப்பு கொண்டுவிட்டது.

இங்கு இரு பாடங்கள் உள்ளன. எவரோடு எவரை ஒப்பிடுவது என்னும் தெரிவு மாறினால், தரவு மாறாமலே தீர்ப்பு மாறும் என்பது ஒன்று. நிதி அளித்த நிறுவனமே தன் வெற்றிக் கணக்கைத் திருப்பிப் பார்த்து, மறுத்து, வெளியிடவும் முடியும் என்பது மற்றொன்று. இரண்டாவது பாடம் பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

7. இன்றைய தமிழ்நாட்டுக்குப் பொருந்துமாறு

1973-74இல் எழுந்த 39–13 வேறுபாடு பழங்கதை என்று ஒதுக்கத் தக்கதன்று. திருந்திய நெல் சாகுபடியை எடுத்துக்கொள்வோம். இளநாற்று, சதுர நடவு, ஒரு குத்துக்கு ஒரு நாற்று, கோனோ களைக்கருவி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுதல் என்னும் கூறுகள் சேர்ந்ததே அம்முறை. 2003-04இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் உழவர் நிலங்களிலேயே இதனை ஆய்ந்தது. ஒரே உழவரின் நிலத்தில் புதிய முறையும் வழக்கமான முறையும் அருகருகே நடப்பட்டன. எக்டேருக்கு ஏறத்தாழ 7.2 டன், 5.7 டன் எனச் சராசரி விளைச்சல் பதிவாயிற்று. மண்ணும் மழையும் உழவர் திறனும் இருபுறமும் ஒன்றேயாதலால் இவ்வொப்பீட்டின் அமைப்பு பாராட்டுக்குரியது.

ஆனால், இது வல்லுநர் மேற்பார்வையில் நடந்த சோதனை. 2007இல் தொடங்கி 63 துணை வடிநிலங்களை உள்ளடக்கிய நீர்வள நிலவளத் திட்டத்திலும் பிற திட்டங்களிலும் இம்முறை பெரும்பரப்புக்குப் பரப்பப்பட்டபோது கேள்வியின் தன்மை மாறியது. ஐந்து கூறுகளில் இரண்டை மட்டும் கைக்கொண்ட வயல் எந்தக் கலத்தில் எழுதப்படும்? சதுர நடவுக்கு ஆள் கிடைக்காமல் கயிறு பிடிக்காது நட்டவர் கணக்கில் சேர்வாரா? இவ்வினாக்களுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த விடை இல்லையெனில், பரப்பு இலக்கை எட்டும் விருப்பமே விடையாகிவிடும். சோதனைத் திடலின் விளைச்சல் உயர்வைத் திட்டப் பரப்பால் பெருக்கி மாநிலத்தின் கூடுதல் உற்பத்தி என்று அறிவிப்பது, இருவேறு பொருள்களைப் பெருக்குவதாகும். விருப்பத்தோடு முன்வந்த உழவர் பெரும்பாலும் நீர் வசதியும் துணிவும் உடையவர் என்பதும் இதனோடு எண்ணத் தக்கது.

மேற்கண்ட ஒப்பீட்டிலிருந்து நான்கு நெறிகளை வகுக்கலாம்.

முதலாவது, ஏற்பு என்றால் என்ன என்பதற்கான வரையறை திட்டம் தொடங்குமுன்பே எழுதப்படவேண்டும். இடையில் அதனைத் தளர்த்தினால் தளர்த்திய நாளும் பதிவாக வேண்டும்.

இரண்டாவது, இலக்குக்குப் பொறுப்பான அலுவலரின் கணக்கை வேறொருவர் சிறு மாதிரியிலேனும் சரிபார்க்கவேண்டும். இதற்கான கருவி நம்மிடம் முன்பே உண்டு. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரத்தைச் சமவாய்ப்பில் தேர்ந்து அறுத்து எடைபோடும் பயிர் அறுவடைச் சோதனை நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. அதே ஒழுங்கைத் திட்ட வயல்களுக்கும் திட்டத்தில் சேராத அண்டை வயல்களுக்கும் ஒருசேர விரிக்கலாம்.

மூன்றாவது, மழைப்பொழிவும் கிணற்று நீர்மட்டமும் விளைச்சலுக்கு அருகிலேயே ஒரே அட்டவணையில் தரப்படவேண்டும். நீர் இருப்பின் குறைவை ஆதாயத்திலிருந்து கழித்துக் காட்டாத அறிக்கை முழுமையான கணக்காகாது.

நான்காவது, திட்டம் முடிந்து ஐந்து, பத்து ஆண்டுகளுக்குப் பின் அதே குடும்பங்களைத் தேடிச் செல்லும் ஏற்பாடு வேண்டும்; ஊரைவிட்டுச் சென்றோரையும் தேடவேண்டும். இப்பணியைத் திட்ட அலுவலகம் செய்ய இயலாது. திட்டம் முடிந்ததும் அவ்வலுவலகம் கலைந்துவிடும். பல்கலைக்கழகத் துறைகளே இதற்கு உரிய இடம். ஆண்டுதோறும் முனைவர் பட்டத்துக்குப் புதிய ஊர் தேடும் ஆய்வாளர், ஏற்கெனவே ஆராயப்பட்ட ஊருக்குத் திரும்பினால் அவரது உழைப்பின் பயன் பன்மடங்காகும்.

இவ்விடத்தில் மொழி பற்றியும் ஒரு குறிப்பு தேவை. மேற்கண்ட மூன்று வட ஆர்க்காட்டு ஆய்வுகளும் தமிழ் உழவர் கூறிய விடைகளால் ஆனவை. மூன்றும் ஆங்கிலத்தில் நூலாயின. தம் ஊரைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்து, ‘இந்த எண் தவறு’ என்று சொல்லும் வாய்ப்பு அவ்வுழவர்க்கு வாய்க்கவில்லை. கணக்கைத் திருத்தக் கூடிய முதல் சான்றாளர் அவரே. மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கத்தையேனும் தமிழில் அச்சிட்டுக் கிராம சபையில் படிப்பதைச் சலுகையாகக் கொள்ளாமல், சரிபார்ப்பின் ஒரு படியாகவே கொள்ளவேண்டும்.

8. முடிவுரை

வட ஆர்க்காட்டின் மூன்று ஆய்வுகளுள் ஒன்றை ஏற்று மற்றவற்றைத் தள்ளவேண்டிய தேவையில்லை. முதலாவது, அரசு எண்ணை ஐயுறக் கற்பித்தது; ஆனால், விரைந்து கண்டது. இரண்டாவது, அதே ஊருக்குத் திரும்பும் பொறுமையையும் வறள் ஆண்டையும் ஈர ஆண்டையும் சேர்த்து நோக்கும் நேர்மையையும் காட்டியது. ஆனால், நீரைச் செல்வமாகக் கணக்கிடவில்லை. மூன்றாவது, அக்கணக்கைத் திறந்தது. ஆனால், சிறு பரப்பில் நின்றது. மூவரும் கூடிச் சொல்வது இதுவே: நெற்பயிரின் திட்டம் ஐந்தாண்டு, அதன் விளைவு ஒரு தலைமுறை. ஐந்தாண்டு முடிவில் எழுதப்படும் வெற்றி அறிக்கையையும் தோல்வி அறிக்கையையும் இடைக்கால அறிக்கையாகவே படிக்கவேண்டும்.

பசலி 1383இல் அந்த ஊர்களில் வினாவுக்கு விடையளித்த உழவருள் இளையோராக இருந்தவர் இன்று முதியோர். அவர்தம் கிணறுகள் எத்தனை அடியில் நீர் காட்டின, இன்று எத்தனை அடியில் காட்டுகின்றன என்பதை நினைவிலிருந்து சொல்லக் கூடியவர் இன்னும் இருக்கின்றனர். நான்காம் மறுகணக்கெடுப்பு அவர்கள் இருக்கும்போதே நடைபெறவேண்டும்.